கசெர்ட்டாவில் உறங்கும் பந்து வீச்சாளர்

சூலைத் திங்கள் 31ஆம் நாளைத் திருச்சபை புனித லொயோலா இஞ்ஞாசியாரின் திருநாளாகக் கொண்டாடுகின்றது. 1521இல் பாம்பலோனாக் கோட்டையைக் காக்கும் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை முறித்துப்போட, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, கையில் கிடைத்த புனிதர் வரலாறுகளை வாசித்து மனந்திரும்பிய போர்வீரர் அவர். அவர் தோற்றுவித்த சபையின் குருக்கள் மதுரை மிஷன் காலத்தில் காலால் நடந்து கடந்த மண்தான் நமது புதுக்கோட்டைச் சீமை. ஆவூர்க் கோவிலின் பழமையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அதே சூலை 31ஆம் நாள், 1943ஆம் ஆண்டில், இத்தாலியில் நேப்பிள்சு நகருக்கு வடக்கேயுள்ள கசெர்ட்டா என்னும் ஊரின் மருத்துவமனையில் காயம்பட்ட வேறொரு போர்வீரர் உயிர் துறந்தார். இஞ்ஞாசியாருக்குக் கிடைத்த மாதங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. குண்டு பாய்ந்ததற்கும் உயிர் பிரிந்ததற்கும் இடையே பன்னிரண்டு நாள்கள்கூட இல்லை. வயது முப்பத்தெட்டு. பெயர் ஹெட்லி வெரிட்டி. இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாநிலத்துக்காரர். அவர் கத்தோலிக்கரும் அல்லர், தமிழரும் அல்லர். நம்மை ஆண்ட நாட்டின் படையில் கேப்டனாக இருந்தவர்.

அப்படிப்பட்டவரைப் பற்றி நமது இதழில் எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். ஞாயிறு திருப்பலி முடிவதற்கு முன்பே கோவில் மதிலுக்கு வெளியே மட்டையும் பந்துமாக நிற்கும் நம் சிறுவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் இவர் பெயர் தெரியாது. ஆயினும் இவர் சென்னைச் சேப்பாக்கத்தில் பந்து வீசி ஒரே ஆட்டத்தில் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தவர். பின்னர்ப் படைவீரராக நமது நாட்டில் நோயுற்றுக் கிடந்தவர். இறந்தபின் பகைவரின் கைகளால் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டவர். பிறப்பால் வந்த வேற்றுமை, கடமை, போர் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அவை மூன்றும் ஒரு மனிதர் வாழ்வில் சந்தித்த விதத்தை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது வீணாகாது.

வெரிட்டி 1905ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் லீட்ஸ் நகரின் ஹெடிங்லியில் பிறந்தார். தந்தை நிலக்கரி வணிகம் செய்தவர். இளைஞரான வெரிட்டிக்கு இடக்கையால் பந்து வீசுவதன்றி வேறெதிலும் மனம் செல்லவில்லை. வார்விக்ஷயர் அணியில் இடம் கேட்டுச் சோதனைக்குச் சென்றார். ‘தேறமாட்டான்’ என்று அனுப்பிவிட்டனர். லங்காஷயரின் சிற்றூர் அணிகளில் கூலிக்கு ஆடிக் காலம் தள்ளினார். யார்க்ஷயர் அணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடக்கைச் சுழற்பந்து வீசிய வில்ஃபிரட் ரோட்ஸ் 1930இல் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்தை நிரப்ப வந்தவர் வெரிட்டி. மறு ஆண்டு, சரியாகத் தம் இருபத்தாறாம் பிறந்த நாளில், தம்மைத் தள்ளிவிட்ட அதே வார்விக்ஷயர் அணியின் பத்து விக்கெட்டுகளையும் 36 ஓட்டங்களுக்கு ஒருவராகவே வீழ்த்தினார். கட்டுவோர் தள்ளிய கல்லைப் பற்றிய திருப்பாடல் வரி அன்று யார் நினைவுக்காவது வந்ததோ என்னவோ!

1932 சூலை 12ஆம் நாள் ஹெடிங்லியில் நிகழ்ந்தது அதனினும் பெரிது. நாட்டிங்ஹாம்ஷயர் அணி இரண்டாம் முறை ஆடிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் ஆடுகளத்தை மழைக்கு மூடிவைக்கும் வழக்கமில்லை. நனைந்த களிமண்மீது வெயில் பட்டால் மேல்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் நிற்கும். பந்து விழுந்த இடத்தில் கடித்துக்கொண்டு திரும்பும். கோடை மழைக்குப் பின் காயும் நமது கண்மாய் மண்ணை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். உணவு இடைவேளையில் அவ்வணி விக்கெட் இழப்பின்றி 38 ஓட்டங்கள் எடுத்திருந்தது. பிறகு 67க்குள் அனைவரும் வெளியேறினர். வெரிட்டி வீசியது 19 ஓவர்களும் நான்கு பந்துகளும். அவற்றில் 16 ஓவர்களில் ஓட்டமே இல்லை. பத்து ஓட்டங்களுக்குப் பத்து விக்கெட்டுகள். முதல்தர ஆட்டங்களின் வரலாற்றில் ஒரே இன்னிங்சில் பத்து விக்கெட்டுகளை இதனினும் குறைந்த ஓட்டங்களுக்கு வீழ்த்தியவர் இன்றுவரை எவருமிலர்.

இவ்வளவு புகழ் பெற்றவர் எந்த வாசல் வழியாக மைதானத்துக்குள் நுழைந்தார் என்பதில்தான் நமக்குக் கூடுதல் அக்கறை. அந்நாளைய ஆங்கிலக் கிரிக்கெட்டில் இரு சாதிகள் இருந்தன. சொத்தும் பட்டமும் உடைய குடும்பத்தார் பொழுதுபோக்காக ஆடினர். அவர்கள் ‘கனவான்கள்’. பந்து வீசிய கூலியில் அடுப்பெரிக்க வேண்டியவர்கள் ‘ஆட்டக்காரர்கள்’. ஒரே அணிக்கு ஆடினாலும் உடை மாற்றும் அறை வேறு, களத்துக்குள் வரும் வாசலும் பல இடங்களில் வேறு. அச்சிட்ட ஆட்டத் தாளில் கனவானின் பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ இருக்கும், தலைப்பெழுத்துகள் முன்னால் வரும். கூலிக்காரரின் தலைப்பெழுத்துகள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். அணித்தலைவர் பதவியோ கனவானுக்கே உரியது. இருபதாம் நூற்றாண்டில் 1952 வரை இங்கிலாந்து அணிக்குக் கூலி பெற்று ஆடிய ஒருவரும் தலைமை ஏற்கவில்லை. வெரிட்டி வாழ்நாள் முழுவதும் அந்த இரண்டாம் வாசல்காரர்.

இதைப் படித்து வெள்ளையரின் மடமையை எண்ணி நாம் சிரித்துவிடலாகாது. வடக்கன்குளம் ஆலயத்துக்குள் இறைமக்களைச் சாதியால் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. நற்கருணை ஒன்றே. அதை வாங்க வந்தவர்கள் நின்ற பக்கம் வேறு. நம் மறைமாவட்டங்களின் கல்லறைத் தோட்டங்களில் பிரிவினைக் கோடுகள் எல்லாம் அழிந்துவிட்டன என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் இயலுமா?

1932-33இல் வெரிட்டி இங்கிலாந்து அணியோடு ஆஸ்திரேலியா சென்றார். அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின். பம்பாயில் பிறந்த ஆங்கிலேயர், கனவான் வகுப்பினர். ஆட்டக்காரரின் உடலைக் குறிவைத்து வேகப்பந்து வீசச் செய்து இரு நாடுகளின் உறவையே குலைத்தவர் என்று பெயர் வாங்கியவர் இவர்தான். இவர் ஆணைப்படி வீசியவர் ஹெரால்ட் லார்வுட், சுரங்கத் தொழிலாளியாயிருந்து ஆட்டக்காரரானவர். பிற்பாடு மன்னிப்புக் கேட்குமாறு வற்புறுத்தப்பட்டவர் ஆணையிட்ட கனவான் அல்லர், லார்வுட்தான். அவர் மறுத்தார். மீண்டும் நாட்டுக்காக ஆட அவருக்கு வாய்ப்புத் தரப்படவேயில்லை. வெரிட்டிக்கு ஜார்டின்மீது பெரும் பற்று இருந்தது. மூத்த மகனுக்கு ரோட்ஸின் நினைவாக வில்ஃபிரட் என்று பெயரிட்டவர், இரண்டாம் மகனுக்கு டக்ளஸ் என்று பெயரிட்டார். இந்தப் பற்றை நம்மால் முழுதும் புரிந்துகொள்ள இயலவில்லை. தலைவர் தம் திறமையை மதித்தார் என்பதொன்றே அவருக்குப் போதுமாயிருந்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு ஜார்டின் தலைமையிலேயே அவர் இந்தியா வந்தார். 1934 பிப்ரவரி 10 முதல் 13 வரை சேப்பாக்கத்தில் நடந்ததுதான் சென்னை கண்ட முதல் டெஸ்ட் ஆட்டம். இந்திய அணிக்குத் தலைவர் சி. கே. நாயுடு. அவரும் ஹோல்கர் மன்னரின் படையில் பதவி வகித்தவர். நமது அமர்சிங் 86 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளை வீழ்த்த, இங்கிலாந்து 335இல் நின்றது. மைதானம் ஆர்ப்பரித்திருக்கும். ஆனால் வெரிட்டி 49 ஓட்டங்களுக்கு ஏழு பேரை வெளியேற்ற, இந்தியா 145இல் சுருண்டது. இரண்டாம் முறையும் அவருக்கு நான்கு விக்கெட்டுகள். 202 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. நமோமல் என்னும் தொடக்க ஆட்டக்காரர் இங்கிலாந்தின் வேகப்பந்து தலையில் பட்டு வெளியேறியதும் இவ்வாட்டத்தில்தான். ஜார்டினுக்கு இதுவே கடைசி டெஸ்ட். அமர்சிங் 1940இல் முப்பது வயது நிறையுமுன் மறைந்தார்.

அதே பிப்ரவரியில் காந்தியடிகள் தமிழகத்து ஊர்களில் தீண்டாமையை ஒழிக்கச் சொல்லி நிதி திரட்டி வந்தார். ஒரு பக்கம் கோவில் வாசலைத் திறக்கச் சொல்லி நடந்த பயணம். மறு பக்கம் இரு வாசல் மரபுடைய ஆட்டத்தைக் காணக் கூடிய கூட்டம். அக்காலத்துப் புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் தனி அரசு. மன்னர் இராஜகோபாலத் தொண்டைமான் அப்போது சிறுவர். ஆட்சி நடத்தியவர்கள் ஆங்கில அரசின் ஒப்புதல் பெற்றவர்கள். நம் முன்னோர் காந்தியையோ கிரிக்கெட்டையோ எந்த அளவுக்குக் கேள்விப்பட்டனர் என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கும். ஐந்தே ஆண்டுகளில் மூண்ட போர் மட்டும் எல்லா ஊருக்கும் வந்து சேர்ந்தது.

சேப்பாக்கத்துக்குப் பின் நான்கு மாதங்களில் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே நாளில் 14 விக்கெட்டுகள். ஆட்டம் முழுவதும் 15. டான் பிராட்மனை டெஸ்ட் ஆட்டங்களில் எட்டு முறை வெளியேற்றியவர் அவர். புள்ளிவிவரங்களை இதற்குமேல் அடுக்க விரும்பவில்லை. பத்து ஆண்டுகளில் 1,956 முதல்தர விக்கெட்டுகள் என்பதோடு விடுவோம். அவரோடு ஆடியவர்கள் நினைவுகூர்ந்தது எண்களைவிட அவரது அமைதியையே. 1938இல் ஓவல் மைதானத்தில் இருபத்திரண்டு வயது லென் ஹட்டன் மூன்று நாள்களாக ஆடி 364 ஓட்டங்கள் குவித்தபோது, இடைவேளைதோறும் அவ்விளைஞரின் பக்கத்தில் அமர்ந்து மனம் தளராமல் பார்த்துக்கொண்டவர் வெரிட்டி. அந்த ஹட்டனை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 1938ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தானது. போர் தவிர்ந்துவிட்டது என்று உலகம் பெருமூச்சு விட்டது. வெரிட்டி நம்பவில்லை. ‘கிரீன் ஹோவர்ட்ஸ்’ என்னும் யார்க்ஷயர்ப் படைப்பிரிவின் அதிகாரி ஒருவரைத் தேடிச் சென்று, போர் வந்தால் தாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவ்வதிகாரி சில படைத்துறை நூல்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடச் சென்றபோது வெரிட்டியின் பெட்டியில் அந்நூல்களும் சென்றன. டர்பன் நகரில் 1939 மார்ச்சில், முடிவு தெரியும்வரை ஆடுவது என்று தொடங்கிப் பத்து நாள்கள் நீண்டு, கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் முடிவின்றியே கைவிடப்பட்ட விசித்திரமான ஆட்டத்தில் அவர் மட்டும் 766 பந்துகள் வீசினார். பகலெல்லாம் பந்து, ஓய்ந்த பொழுதில் போர்க்கலை. எந்த வேலையையும் முறையாகக் கற்றே செய்ய வேண்டும் என்ற தொழிலாளியின் புத்தி அது. போர் வெறியை அதில் காண நம்மால் முடியவில்லை.

1939 செப்டம்பர் முதல் நாள் ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. அன்று இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஹோவ் நகரில் யார்க்ஷயர் அணி ஆடிக்கொண்டிருந்தது. சசெக்ஸ் அணி 33 ஓட்டங்களுக்குள் சுருண்டது. வெரிட்டிக்கு ஒன்பது ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகள். ஆட்டம் முடிந்ததும் அணியினர் பேருந்தில் வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். வழியெங்கும் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு முதல்தர ஆட்டம் எதிலும் அவர் பந்து வீசவில்லை.

புகழ்பெற்ற விளையாட்டு வீரர்களுக்குப் படையில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை எளிதாகக் கிடைக்கும் காலம் அது. உயிருக்கும் ஆபத்து குறைவு. மனைவி கேத்லீன், பள்ளிக்குச் செல்லும் வயதில் இரு மகன்கள் என்று குடும்பமும் இருந்தது. ஆயினும் வெரிட்டி முன்னணியில் நடந்து போரிடும் காலாட்படையையே கேட்டுப் பெற்றார். அதிகாரியாக நியமனம் பெற்றுக் கேப்டனாக உயர்ந்தார். மைதானத்தில் தலைமைக்குத் தகுதியில்லாதவர் என்று வைக்கப்பட்டிருந்தவரிடம் போர்க்களத்தில் ஒரு கம்பெனி வீரர்களின் உயிர் ஒப்படைக்கப்பட்டது! ஆபத்து என்று வரும்போது வாசல்கள் ஒன்றாகிவிடுகின்றன போலும்.

1942இல் அவரது படைப்பிரிவு மீண்டும் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இம்முறை இருப்பிடம் ராஞ்சி. லீவன்ஸ் அடிகளார் சோட்டாநாக்பூர்ப் பழங்குடி மக்களின் நில உரிமைக்காக வாதாடி மறைப்பணி செய்த பகுதி அது. வெரிட்டி அங்கே வயிற்றுக்கடுப்பால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் மாலை மரியாதையோடு வரவேற்ற நாடு. இப்போது காய்ச்சலும் கூடாரமும். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் மூண்டது. ஹிட்லரின் கொடுங்கோலை எதிர்க்கப் புறப்பட்ட படை, தன் கொடியின் கீழ் அடிமைப்பட்டிருந்த நாட்டில் முகாமிட்டிருந்த முரண்பாட்டை நாம் மறைக்கலாகாது. தனி மனிதரின் நேர்மை அவர் சேர்ந்த பேரரசின் பாவத்தைக் கழுவிவிடாது. பேரரசின் பாவத்திற்காக அம்மனிதரின் நேர்மையை இல்லையென்று சொல்வதும் முறையாகாது.

அங்கிருந்து பாரசீகம், ஈராக், சிரியா, எகிப்து எனப் பயணம். 1943 சூலை 10ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் சிசிலித் தீவில் இறங்கின. சூலை 19ஆம் நாள் இரவு கத்தானியாச் சமவெளியில் கேப்டன் வெரிட்டியின் கம்பெனி இருளில் முன்னேறியது. அறுவடைக்கு நின்ற கோதுமை வயல். எதிரிகளின் துப்பாக்கிச் சூடு மூன்று பக்கமிருந்தும் வந்தது. கதிர்கள் தீப்பற்றிக்கொண்டன. மறைவு தந்த பயிரே வெளிச்சமாகி வீரர்களைக் காட்டிக்கொடுத்தது. பண்ணை வீடு ஒன்றிலிருந்து சுட்டுக்கொண்டிருந்த எதிரிகளை அகற்றுமாறு ஆணையிட்டு முன்னேறுகையில் வெரிட்டியின் மார்பில் குண்டு பாய்ந்தது. விழுந்த நிலையிலும் நிற்காமல் தொடருமாறு அவர் வீரர்களை ஏவினார். தாக்குதல் தோற்றது. பின்வாங்கிய வீரர்கள் கடைசியாகக் கண்டது, எரியும் வயலின் பின்னணியில் தம் கேப்டன் தரையில் கிடக்க, அவருடைய பணியாளான வீரர் ஒருவர் தலையைத் தாங்கிக்கொண்டிருந்த காட்சி. ஜெர்மானியர் இருவரையும் சிறைப்பிடித்தனர்.

திருப்பலியில் அப்பத்தை உயர்த்தும் கைகளுக்குக் கோதுமை வயல் எரிவதைப் பற்றி வாசிப்பது எளிதன்று. அந்தப் பண்ணை வீட்டிலிருந்து சுட்டவர்களும் ஏதோ ஒரு பங்கில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகளாயிருந்திருக்கக் கூடும்.

அதே சூலை 19ஆம் நாள் பகலில் உரோமை நகர்மீது நேச நாட்டு விமானங்கள் குண்டு பொழிந்தன. சான் லொரென்சோ பகுதி இடிந்தது. புனித லாரன்ஸ் பேராலயமும் சேதமுற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வத்திக்கானை விட்டு வெளியே வந்து, இடிபாடுகளுக்கு நடுவே மக்களோடு நின்று செபித்தார். வெரிட்டி எந்தத் தரப்பின் சீருடையை அணிந்திருந்தாரோ அந்தத் தரப்பின் குண்டுகளே அவை. ஆறு நாள்களில் முசோலினியின் ஆட்சி கவிழ்ந்தது.

காயம்பட்டவரைக் களமருத்துவமனையில் எதிரிகள் கவனித்தனர். பிறகு கடல் கடத்தி ரெஜ்ஜியோவுக்கும், இரயிலில் நேப்பிள்சுக்கும், அங்கிருந்து கசெர்ட்டாவுக்கும் கொண்டு சென்றனர். சூலைமாத வெயிலில், மார்பில் புரையோடும் காயத்தோடு அப்பயணம் எத்தகையதாயிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கின்றது. முறிந்த விலா எலும்பு நுரையீரலை அழுத்தியதால் இத்தாலிய மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சை செய்து அதன் ஒரு பகுதியை அகற்றினர். இரத்தப் பெருக்கு மீண்டும் மீண்டும் ஏற்பட்டது. சூலை 31ஆம் நாள் வெரிட்டி இறந்தார். அணித் தோழரும் நெருங்கிய நண்பருமான பில் போஸ் அப்போது அதே இத்தாலியில் போர்க்கைதியாக அடைபட்டிருந்தார்.

இத்தாலியர் அவரை முழு இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தனர். இதை நாம் சற்று நின்று எண்ண வேண்டும். இத்தாலி போரிலிருந்து விலகியது செப்டம்பரில்தான். சூலை 31ஆம் நாள் அவர் அவர்களுக்குப் பகைவர். தம் தீவில் ஆயுதத்தோடு இறங்கியவர், தம் தலைநகரில் குண்டு வீசிய தரப்பினர். இறந்தோரை அடக்கம் செய்வது உடல்சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். அதைச் சொந்தக்காரருக்குச் செய்வதில் அரிது ஒன்றுமில்லை. கசெர்ட்டாவில் செய்தவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்பதை எந்த ஆட்டப் பதிவேடும் குறித்து வைக்கவில்லை.

கடமைக்காகப் படையில் சேர்வது சரியா என்று நமது பங்குகளில் இளைஞர்கள் கேட்பதுண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் ஆள்சேர்ப்பு முகாமுக்கு விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளை நாம் அறிவோம். பலருக்கு அது நாட்டுப்பற்றும் பிழைப்பும் கலந்த ஒன்று. வெரிட்டிக்குப் பந்து வீச்சு இருந்ததைப் போல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, மக்களின் பாதுகாப்புக்காக நேர்மையோடு பணியாற்றும் போர்வீரர் அமைதிக்கே உதவுகிறார் என்று ஏற்றுக்கொள்கின்றது. அதே ஏடு, நகரங்களை மக்களோடு சேர்த்து அழிக்கும் போர்முறையைக் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று கண்டிக்கின்றது. கத்தானியாச் சமவெளியையும் சான் லொரென்சோவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சங்கத் தந்தையர் இவ்விரண்டையும் ஏன் சேர்த்தே சொன்னார்கள் என்பது விளங்கும். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘அனைவரும் சகோதரர்’ என்ற திருமடலில், நீதியான போர் என்று பேசுவதே இன்று மிகக் கடினமாகிவிட்டது என்று மேலும் ஓர் அடி எடுத்துவைத்தார். நம் இளைஞர்கள் முதல் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாகாது என்பதே நமது கவலை.

வெரிட்டியைப் போலச் சென்று உயிரோடு திரும்பியவர்களும் உண்டு. அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிவதில் தலைசிறந்து விளங்கிய பாப் ஃபெல்லர், 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டவுடனே கடற்படையில் சேர்ந்து, ‘அலபாமா’ போர்க்கப்பலில் பீரங்கிக் குழுவில் பணியாற்றினார். இளமையின் சிறந்த நான்கு ஆட்ட ஆண்டுகளை ஏறக்குறைய முழுதும் இழந்து, திரும்பி வந்து மீண்டும் எறிந்தார். 2010 வரை வாழ்ந்தார். நமக்கு நெருக்கமான பெயர் பீட்டர் தங்கராஜ். மதராஸ் ரெஜிமெண்டு மையத்தின் படைவீரராயிருந்து, இந்தியக் கால்பந்து அணியின் இலக்குக் காவலராகி, 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் இறுதி ஆட்டத்தில் நின்று தங்கம் வெல்லத் துணைபுரிந்தவர். 2008இல் மறைந்த அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

வெரிட்டியின் உடல் இன்று கசெர்ட்டாப் போர்க்கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. அங்கே எழுநூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள். கேப்டனுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பதவி, இனம், சமயம் என்று பாராமல் இறந்தோர் அனைவரையும் ஒன்றுபோல் நினைவுகூர்வது என்பது அத்தோட்டங்களைப் பராமரிக்கும் ஆணையத்தின் கொள்கை. அக்கொள்கையும் எல்லா இடத்திலும் காக்கப்படவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் பல்லாயிரவருக்குச் சமமான நினைவு மரியாதை வழங்கப்படவில்லை என்பதை அவ்வாணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. இத்தாலியில் 1944இல் கசினோ மலையடிவாரத்தில் நான்காம் இந்தியப் படைப்பிரிவு போரிட்டது. கசினோவிலும் ஃபோர்லியிலும் நம் நாட்டு வீரர்களின் கல்லறைகளும் பெயர்களும் உள்ளன. உரோமைக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவர், புனித பெனடிக்டின் மடத்தைக் காணக் கசினோவுக்கும் செல்வதுண்டு. கீழே உள்ள அத்தோட்டத்திலும் ஒரு கால்மணி நேரம் நின்று ஒரு செபம் சொல்லி வரலாம். கசெர்ட்டா அங்கிருந்து தொலைவில் இல்லை.

1952இல் இங்கிலாந்து அணியின் தலைமை முதன்முறையாகக் கூலி பெற்று ஆடும் ஒருவருக்கு வந்தது. அவர்தான் லென் ஹட்டன், ஓவலில் இடைவேளைதோறும் வெரிட்டி அருகமர்ந்து தேற்றிய அந்த இளைஞர். கனவான், ஆட்டக்காரர் என்ற பாகுபாடு அடியோடு ஒழிய மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. 1954இல் ஹட்டன் தம் அணியோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் செல்லும் வழியில், கப்பல் நேப்பிள்சு துறைமுகத்தில் நின்றது. மற்றவர்கள் நகரைச் சுற்றிப் பார்க்கலாம் என்றிருந்த பொழுதில், அவரும் யார்க்ஷயர் நண்பர்களும் வண்டி பிடித்துக் கசெர்ட்டாவுக்குச் சென்று, அந்தக் கல்லைக் கண்டு, சற்று நேரம் நின்றுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினர்.